அணைக்காத எஞ்சின்

வேன் ஒழுகுதுன்னு மொதல்ல பாத்தது உதயராஜ் இல்ல, இருளாயி. விடியக்காலையில வாசல் கூட்ட வந்தவ, தோட்டத்து லய வீட்டு வரிசைக்கு முன்னால நின்ன டொல்பின் வேனுக்கு அடியில ஈரத்தைக் கண்டுட்டு, "டேய் உதயா, ஒன் வண்டி ராவெல்லாம் மூத்திரம் பேஞ்சிருக்குடா!"ன்னு கத்துனா. அவனுக்கு அவ மாமியார்தான். ஆனா அதுக்கு முந்தியே சொந்த அத்தை, அப்பாகூடப் பொறந்தவ. மருமகன்ங்கற மரியாதை எல்லாம் அவ வாயில வராது. லயமே சிரிச்சுச்சு. உதயராஜும் சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு விரலால தொட்டுப் பாத்தான். பச்சையா, வழவழன்னு இருந்துச்சு. சிரிப்பு அதோட நின்னுபோச்சு.

அந்த வேனைப் பத்திச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவன் பொஞ்சாதி தர்மிளா குவைத்துல ஒரு வீட்ல வேலைக்கு நின்னு, ஏழு வருசம் அடுத்தவன் பீங்கான் கழுவி, அடுத்தவன் பிள்ளைக்குக் குண்டி கழுவி வாங்குன வேன் அது. அதுக்கு முந்தி உதயராஜ் ரப்பர் மலையில பால் வெட்டுனவன். விடியிறதுக்குள்ள கொழுந்தும் பாலும் நிறுக்கற மடுவத்துக்குப் போய் நின்னு, கங்காணிகிட்டப் பேர் குடுத்து, மழை பேஞ்சா அன்னைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லைன்னு திரும்பி வர்ற பொழப்பு. வேன் வந்தப்புறம்தான் தோட்டத்துச் செக்ரோல் புஸ்தகத்துல இருந்து அவன் பேரு வெளிய வந்துச்சு. காலையில கஹவத்தைக்கு ஸ்கூல் பிள்ளைங்க, அப்புறம் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்க, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாடகை ஹயர். வீடு ஓடுனதே அந்த நாலு சக்கரத்துலதான்.

தர்மிளா போன் எடுத்தா மொதக் கேள்வி, "மக எப்பிடி?" ரெண்டாவது, "வேன் எப்பிடி?" அதுக்கப்புறம் ஞாபகம் வந்தாத்தான், "நீங்க சாப்பிட்டீங்களா மச்சான்?" அவன் கோவிச்சுக்கற மாதிரி நடிப்பான். "வேனுக்கு அடுத்தாப்லதான் நானா?"ன்னு கேப்பான். "பின்ன? வேன் வேலைக்குப் போகுது, நீங்க அதுல ஒக்காந்துட்டுத்தானே போறீங்க"ன்னு அவ சிரிப்பா. அந்தச் சிரிப்பைக் கேக்கறதுக்காகவே அவன் தெனமும் அதையே கேப்பான்.

கஹவத்தை டவுன் கடைசியில கபூர் நானாவோட கராஜ். டொல்பின்ல எஞ்சின் இருக்கறது முன் சீட்டுக்கு அடியில. கபூர் சீட்டைத் தூக்கிச் சாச்சுட்டு, டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு நிமிந்தாரு.

"வோட்டர் பம்ப் போகப் போகுது உதயா. உள்ளுக்கு ஈக்கிற சீல் தேஞ்சிட்டு. இந்தா, பம்புக்கு அடியில சின்னதா ஓட்டை ஒண்டு தெரியுதா? சீல் போனா தண்ணி இதாலதான் வெளிய வரணும். அதுக்கெண்டுதான் ஓட்டையே வச்சிருக்கான். வேற போடு."

"போன மழையிலதானே நானா போட்டோம்?"

"அது டூப்ளிகேட். நான் அப்பவே சொன்னேன், நீ கேட்டியா?"

அன்னைக்கு ராத்திரி போன்ல தர்மிளா அவனை உண்டு இல்லைன்னு பண்ணிட்டா. "இன்னொரு டூப்ளிகேட் போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். பம்பை நல்லா போட்டோ புடிச்சு அனுப்புங்க. இங்க ஜெனுவின் சாமான் கெடைக்குது. அடுத்த மாசம் லீவுக்கு வர்றேன்ல, கையோட கொண்டாறேன். அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க." போட்டோ போச்சு. அவ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் ஒண்ணு வந்துச்சு.

பாத்து ஓட்டுன்னா எப்பிடி ஓட்டுறது? கஹவத்தை பஸ் ஸ்டாண்டுல ஹயருக்கு நிக்கிற டிரைவருங்க இருக்காங்களே, ஒவ்வொருத்தனும் ஒரு பெரிய டாக்டரு. ஒருத்தன், ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடு, ஒழுகுற எடத்தை அடைச்சுக்கும்னான். இன்னொருத்தன், அந்த ஓட்டையில சவுக்காரத்தைப் பிசைஞ்சு திணி, ஆறு மாசத்துக்கு அசையாதுன்னான். உதயராஜ் ரெண்டையும் செஞ்சான். இருளாயியோட அஞ்சறைப் பெட்டியில இருந்து மஞ்சள், கிணத்தடியில இருந்து துணி தொவைக்கிற சவுக்காரம். மறுநாள் காலையில வேனுக்கு அடியில காஞ்சு கெடந்துச்சு. "வண்டிக்கு வைத்தியம் பலிச்சிருச்சு"ன்னு இருளாயி சொன்னா.

கபூர் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "என்ன வேல மகன் இது? வெளிய போற தண்ணிய அடைச்சா அது சும்மா ஈக்குமா? பேரிங்குக்குள்ள போகும். கிரீஸைக் கழுவிட்டு, பேரிங்கைத் திண்டுரும்."

"ஒரு மாசந்தான் நானா. அவ வர்றா."

கபூர் சீட்டை எறக்கி விட்டுட்டாரு.

அவ வந்தா. எப்பிடி வந்தான்னு கேளுங்க.

வெள்ளிக்கிழமை தனக்கு அரை நாள் லீவு, கடைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா. அன்னைக்கு ராத்திரி போன் வரல. மறுநாளும் வரல. அதுக்கு மறுநாள் ஏஜென்சியில இருந்து ஒரு பொம்பள சிங்களத்துல பேசுனா, நெஞ்சுவலியாம், தூக்கத்துலயே போயிட்டாவாம். முப்பத்தாறு வயசுப் பொம்பளைக்கு நெஞ்சுவலி! ரப்பர் மலையில ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா வந்தவ. யார்கிட்டப் போய்க் கேக்கறது? தாள்ல அப்பிடித்தான் எழுதியிருக்குன்னாங்க. அந்தத் தாளை எழுதுனவன் நல்லா இருப்பானா.

பொணம் வந்து சேர மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல உதயராஜ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துனான், எறக்குனான். மக கேஷானிக்குத் தலை பின்னி விட்டான், கோணல்மாணலா. லயத்துச் சனம் அவன் முகத்தைப் பாக்கவே பயந்துச்சு.

கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்குப் போக தோட்டத்து லொறியைத் தர்றேன்னு மேனேஜர் ஐயா சொல்லியனுப்புனாரு. மரண உதவிச் சங்கத்துல வேற வேன் பிடிச்சுத் தர்றோம்னாங்க. உதயராஜ் ஒத்துக்கல. "அவ வாங்குன வண்டி வாசல்ல நிக்க, அவளை வேற எவன் வண்டியிலயோ ஏத்திக்கிட்டு வரவா?"ன்னு கேட்டான். போறதுக்கு மொத நாள் கபூர்கிட்டப் போனான். கபூர் சீட்டைத் தூக்கி, பம்போட மூக்கைப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. ஆடுச்சு.

"நல்ல பம்பு இப்ப கஹவத்தையிலும் இல்ல, பெல்மதுளையிலும் இல்ல. நாளைக்கே போகணும் எண்டா ஒண்டு செய். சூடு காட்டுற முள்ளு பாதிக்கு மேல ஏறுச்சா, ஓரம் கட்டு. எஞ்சினை அணை. நல்லா ஆற விட்டு, அதுக்குப் பொறகுதான் தண்ணி ஊத்தணும். சூட்டோட மூடியைத் தொடாத. இப்பிடி நிண்டு நிண்டு போனா, போய்ட்டு வந்துரலாம். வெளங்குதா?"

"வெளங்குது நானா."

போகும்போது அப்பிடித்தான் போனான். கூட வந்தது மாமனார் அழகமுத்து மட்டும். குருவிட்டயில ஒரு தடவை, அவிசாவளை தாண்டி ஒரு தடவை நின்னு, எஞ்சினை அணைச்சு, டீக்கடையில ஒக்காந்துட்டு, தண்ணி ஊத்திக்கிட்டுப் போனாங்க. வேன் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. "பதமாத்தான் போகுது"ன்னு அழகமுத்து சொன்னாரு. வண்டியோட நோவு எவ்வளவு முத்தியிருக்குன்னு அவருக்குத் தெரியாது. உதயராஜும் சொல்லல.

எயார்போர்ட்ல சாமான் எறக்குற பக்கம் இருக்குற கேட்ல பெட்டியைக் குடுத்தாங்க. தொறக்கக் கூடாதுன்னு ஒட்டியிருந்துச்சு. கூடவே ஒரு நீலக்கலர் சூட்கேஸ், சுத்திக் கயிறு கட்டி. பின் சீட்டையெல்லாம் மொத நாளே கழட்டிட்டு பாய் விரிச்சு வச்சிருந்தான். பெட்டியை அதுல ஏத்துனாங்க. சூட்கேஸைத் தூக்குன அழகமுத்து, "என்னடா இது, ஒரு பக்கமா இரும்பாட்டம் கனக்குது"ன்னு மொனகுனாரு. உதயராஜ் கை தன்னால அந்தக் கயித்து முடிச்சுக்குப் போச்சு.

"தொடாதே மாப்ள. செத்தவ சாமானை கருமாதிக்கு முந்திப் பிரிக்கப்படாது."

கையை எடுத்துட்டான்.

அழகமுத்து வீட்ல இருந்தே எல்லாம் கொண்டாந்திருந்தாரு. வேனுக்கு முன்னால தேங்காய் ஒடைச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சங்காய் வச்சாரு. உதயராஜ் ரேடியேட்டர்ல நெம்பத் தண்ணி ஊத்தி, மூடியை இறுக்கிட்டு, சாவியைத் திருப்புனான். எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. அப்பத்தான் அழகமுத்து முன் சீட்ல ஏறி ஒக்காந்து, துண்டை மடியில போட்டுக்கிட்டுச் சொன்னாரு.

"இனி எஞ்சினை அணைக்கப்படாது. வாசல்ல போய்த்தான் அணையணும். வழியில அணைச்சா அவ அங்கேயே எறங்கிருவா. அப்புறம் என்ன கூப்பாடு போட்டாலும் வீட்டுக்கு வரமாட்டா."

உதயராஜுக்கு இது தெரியாத சங்கதி இல்ல. அவன் அப்பனை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்தப்பவும் லொறிக்காரன் எஞ்சினை அணைக்கல. நம்ம தோட்டத்துல எந்தச் சாவுக்கும் அதான் வழக்கம். ஆனா அந்த நிமிசம் வரைக்கும் ரெண்டையும் அவன் ஒண்ணாச் சேத்துப் பாக்கல. கபூர் சொன்னது ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கமா தலையில தனித்தனியா கெடந்துச்சு. இப்பத்தான் ரெண்டும் மோதுச்சு.

"மாமா, பம்பு பழுது, நின்னு நின்னுதான் போகணும்"னு சொல்ல வாயெடுத்தான். திரும்பிப் பெட்டியைப் பாத்தான். ஏழு வருசம் ஊரான் வீட்டுல கெடந்தது போதாதா? இப்ப வழியில எகலியகொடயில எவனோ ஒருத்தன் கடை வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போகவா? வழி தெரியாம, பாஷை தெரியாம நிப்பாளே. கியரைப் போட்டான்.

நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். நானா இருந்தா அணைச்சிருப்பேன்னு நாக்காலியில ஒக்காந்துக்கிட்டுச் சொல்ல நூறு பேர் வருவாங்க. பின்னால பெட்டியை வச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைப் புடிச்சிருந்தாத்தான் தெரியும்.

அவிசாவளை வரைக்கும் முள்ளு ஒழுங்கா நின்னுச்சு. டவுனுக்குள்ள பஸ்ஸும் லொறியும் முட்டிக்கிட்டு ஒரே நெரிசல். வண்டி நின்ன எடத்துலயே நிக்க, முள்ளு மெதுவா எழும்புச்சு. உதயராஜ் ஹீட்டரை முழுசாத் தொறந்து விட்டான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கட்டும்னு. வெளிய கொளுத்துற வெயிலு, உள்ள அடுப்பு. அழகமுத்து வேர்த்து ஊத்துனாரு, ஆனா ஏன்னு கேக்கல. பொண்ணைப் பறிகொடுத்தவருக்கு வேர்வை ஒரு கணக்கா.

பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏற ஆரம்பிச்சதும் பின்னால அந்தச் சூட்கேஸ் பாய் மேல வழுக்கிக்கிட்டுப் போய்ப் பெட்டியில டொக்குன்னு மோதும். அடுத்த வளைவுல திரும்பி வரும். அப்புறம் திரும்பவும் டொக்கு. அழகமுத்தால அதைத் தாங்க முடியல. "எம்புள்ளைய இடிக்குதுடா"ன்னு சொல்லிட்டு, சீட்டைத் தாண்டிப் பின்னால போய், பாயில ஒக்காந்து, ரெண்டு காலையும் நீட்டி சூட்கேஸுக்கு அண்டக் குடுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் சத்தம் இல்ல.

எகலியகொட தாண்டுனதும் ஒரு மோட்டர் பைக்காரன் பக்கத்துல வந்து கண்ணாடியில தட்டுனான். "மல்லி, வத்துர யனவா!" சிங்களத்துல சொன்னான், தண்ணி போகுதாம். அது தெரியாமலா இருக்கு. "தன்னவா அய்யே, தன்னவா"ன்னு, தெரியும்ங்கற மாதிரி உதயராஜ் கையைக் காட்டுனான். பைக்காரன் உள்ள எட்டிப் பாத்துட்டு, பெட்டியைக் கண்டதும் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுப் பின்வாங்கிட்டான்.

குருவிட்டக்கிட்ட முள்ளு சிவப்பைத் தொட்டுருச்சு. சீட்டுக்கு அடியில இருந்து சூடு குண்டியைச் சுட்டுச்சு. உதயராஜ் ஒரு தந்திரம் பண்ணுனான். வண்டியைத்தானே நிறுத்துறோம், எஞ்சினை அணைக்கலயே. ஓரம் கட்டி, எஞ்சினை ஓட விட்டபடியே எறங்கி சீட்டைத் தூக்குனான். பம்பு கரகரன்னு கல்லை மென்னுக்கிட்டு இருந்துச்சு. துண்டை நாலா மடிச்சு ரேடியேட்டர் மூடி மேல வச்சுத் திருப்புனான். கபூர் தொடாதேன்னு சொன்னது காதுல கேட்டுச்சு. கேட்டு என்ன செய்ய! புஸ்ஸுன்னு மஞ்சத் தண்ணி ஆள் ஒசரத்துக்குப் பொங்கி, முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு. "ஐயோ!"ன்னு அழகமுத்து குதிச்சு எறங்குனாரு. பக்கத்து வீட்டுக் குழாய்ல ஒரு வாளித் தண்ணி வாங்கியாந்தாரு. உதயராஜ் வெந்த கையாலயே அந்தப் பச்சத் தண்ணியை அப்பிடியே கொதிக்கிற எஞ்சினுக்குள்ள ஊத்துனான்.

உள்ளுக்கு எங்கயோ டிக்குன்னு ஒரு சத்தம். அடுப்புல வச்ச சட்டி விரிசல் விடுமே, அந்த மாதிரி. அவன் கை நின்னுருச்சு.

"என்னடா சத்தம்?"

"எஞ்சின் ஹெட் வெடிச்சிருச்சு போல மாமா."

அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னான். பம்பு, சவுக்காரம், கபூர் சொன்னது, எல்லாம். அழகமுத்து பாதை ஓரத்துல நின்னு கேட்டாரு. கடைசியில கேட்டாரு, "இப்ப அணைச்சா வண்டி தப்புமா?"

"இப்பவே அணைச்சு ஆற விட்டா, ஹெட்டை மட்டும் செஞ்சுக்கலாம். இப்பிடியே போனா எஞ்சினே இறுகிரும். அப்புறம் இது வெறும் தகரம்."

அவரு துண்டால மொகத்தைத் தொடச்சாரு. "வண்டி போனா நீ மறுபடி மலைக்குத்தான்டா போகணும்."

"ஆமா மாமா."

"நான் சொன்னேன்னு பாக்காத. பழைய ஆளு, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். ஒன் இஷ்டம்." வேன் கதவைப் புடிச்சுக்கிட்டு அவரே, "வண்டியும் அவளோடது, வழியும் அவளோடது"ன்னாரு. சொல்லிட்டு ஏறிப் போய்ப் பழையபடி கால நீட்டி ஒக்காந்துக்கிட்டாரு.

சாவி அவன் கைக்கு எட்டுற தூரத்துலதான் தொங்குச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு திருப்பு திருப்புனா வேன் பொழைக்கும், மகளோட சோறு பொழைக்கும். தர்மிளா இருந்திருந்தா என்ன சொல்லுவா? "அணைங்க மச்சான், எனக்கு வேன்தான் பெருசு"ன்னு சொல்லுவா. அது அவனுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் அவனால அணைக்க முடியல.

இரத்தினபுரியைத் தாண்டுனான். பெல்மதுளையில திரும்பி கஹவத்தைப் பாதைக்கு ஏறுனதும் படீர்னு சவுக்கால அடிச்ச மாதிரி ஒரு சத்தம். பெல்ட் அறுந்துருச்சு. முன்னால சிவப்பு லைட்டு பத்திக்கிச்சு. இனி பம்பும் இல்ல, ஃபேனும் இல்ல. எஞ்சின் தன்னைத் தானே தின்னுக்கிட்டு ஓடுச்சு. பொகை சீட்டுக்கு அடியில இருந்து வந்து கண்ணைக் கரிச்சுச்சு. உதயராஜ் கண்ணாடியை எறக்கி விட்டுட்டு, தலையை வெளிய நீட்டிக்கிட்டு ஓட்டுனான்.

கஹவத்தையில கராஜ் வாசல்ல கபூர் நின்னாரு. சத்தத்தைக் கேட்டே வெளிய வந்திருக்காரு. நடு ரோட்டுக்கு ஓடி வந்து ரெண்டு கையையும் ஆட்டுனாரு. "அணை! அணைடா மகனே! எஞ்சின் செத்துரும்!" உதயராஜ் அவரைச் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போனான். கண்ணாடியில பாத்தப்ப, கபூர் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு ரோட்டு நடுவுல நின்னாரு.

தோட்டத்துப் பாதை ஏத்தம். மேல லயத்துல தப்பு அடிக்கிறது கேட்டுச்சு. இன்னும் ரெண்டே வளைவுதான். "வந்துட்டோம் தாயி, வந்துட்டோம்"னு அழகமுத்து பெட்டியைத் தடவிக்கிட்டே இருந்தாரு. மடுவத்து வளைவுல வேன் ஒரு தடவை கிரீச்சுன்னு கத்துச்சு. பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. நின்னுருச்சு.

உதயராஜ் சாவியைத் தொடவே இல்ல. அது தானாத்தான் நின்னுச்சு.

சனம் மேல இருந்து ஓடி வந்துச்சு. பெட்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறுனாங்க. வாசல்ல இருளாயி விழுந்து பொரண்டா. முகத்தைக் காட்டுங்கடான்னு பெட்டியை அடிச்சா. காட்ட முடியல. கேஷானி பெட்டி மேல ஒரு கையை வச்சுக்கிட்டு, எல்லாரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னா. பொழுது சாயறதுக்குள்ள கொண்டு போய்ப் பொதைச்சாங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் இருளாயி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எங்கடா நின்னுச்சு வண்டி?"

"மடுவத்துக்கிட்ட அத்தை."

அன்னைக்கு மொதக்கொண்டு தெனமும் சாயங்காலம் அவ ஒரு செம்புத் தண்ணியை எடுத்துக்கிட்டு மடுவத்து வளைவுக்குப் போவா. செத்து நிக்கிற வேனோட முன் சக்கரத்துக்கிட்ட வச்சுட்டு, "வாடி தாயி, வீட்டுக்கு வா. ரெண்டே வளைவுதான்டி"ன்னு கூப்புடுவா. கொழுந்து நிறுத்து வர்ற பொம்பளைங்க அந்தப் பக்கம் போகாம சுத்திப் போனாங்க.

கபூர் ஒரு நாள் ஸ்பேனர் சாமானோட வந்தாரு. ஹெட் ரெண்டா வெடிச்சிருக்கு, பிஸ்டன் இறுகிப் போச்சு. பம்பைக் கழட்டி உதயராஜ் கையில குடுத்தாரு. பேரிங் தூளாக் கெடந்துச்சு. அந்தச் சின்ன ஓட்டையில மட்டும் சவுக்காரம் கல்லாட்டம், அசையாம இருந்துச்சு. அவரு அதை நகத்தால ஒரு தடவை சுரண்டிப் பாத்துட்டுச் சாமானைக் கட்டுனாரு. திட்டியிருந்தாலும் தேவலாம்.

பழைய இரும்பு வாங்குறவன் கருமாதி முடிஞ்சதும் வந்து இழுத்துக்கிட்டுப் போறேன்னான். கங்காணியும் வந்து, திங்கக்கிழமையில இருந்து வா, பேர் போட்டுக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுசன்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.

கருமாதி அன்னைக்குச் சூட்கேஸைப் பிரிச்சாங்க. வீட்டுக் காம்பரா நடுவுல வச்சு, அழகமுத்துதான் கயித்தை அவுத்தாரு. மேல மகளுக்கு ரெண்டு கவுன், இன்னும் லேபல் கிழிக்கல. அம்மாவுக்குக் கழுத்துல சுத்திக்கிற துண்டு. பால்மா டின் ரெண்டு. ஒவ்வொண்ணையும் இருளாயி மோந்து மோந்து பாத்து அழுதா. அடியில, தர்மிளாவோட பழைய சீத்தைத் துணிக்குள்ள பொதிஞ்சு, ஒரு கனத்த அட்டைப் பெட்டி. இருளாயி பிரிச்சு வெளிய எடுத்தா. பளபளன்னு இரும்பு, கை வச்சா எண்ணெய் பிசுக்கு.

"இது என்னடா உதயா? மாவரைக்கிறதா?"

கேஷானிதான் சொன்னா. போட்டோ புடிச்சு அனுப்புனப்ப அவளும் பக்கத்துல இருந்தவதானே. "பம்பு அம்மாயி. அம்மா வேனுக்கு வாங்கிட்டு வர்றேன்னாங்கல்ல."

அழகமுத்து தன்னோட ரெண்டு காலையும் குனிஞ்சு பாத்தாரு. "இதையாடா நான் காலால அண்டக் குடுத்துக்கிட்டு வந்தேன்"னு கேட்டாரு. "அவிசாவளையில இருந்து இதையாடா"ன்னு மறுபடி கேட்டுட்டு, செவுத்துல தலையை முட்டுனாரு. நாலு பேர் புடிச்சாங்க.

உதயராஜ் பம்பைத் தூக்கிக்கிட்டு எழும்புனான். சாவிக் கட்டையும் எடுத்துக்கிட்டு மடுவத்துக்கு நடந்தான். யாரும் பின்னால போகல.

சீட்டைத் தூக்குனான். பம்பு இருந்த எடத்துல ஒட்டிக் கெடந்த பழைய கேஸ்கட்டை பிளேடால சுரண்டுனான். ஒரு துணுக்கு விடல. துணியால தொடச்சான், விரலால தடவிப் பாத்தான், திரும்பவும் தொடச்சான். பம்போட வந்த புதுக் கேஸ்கட்டை ஒட்டி, பம்பை வச்சு, போல்ட்டை ஒண்ணொண்ணா கையாலயே முறுக்கி, அப்புறம் எதிரெதிரா இறுக்குனான். ஒரு பக்கமா இறுக்குனா ஒழுகும்னு கபூர் எப்பவோ சொன்னது. குழாயை மாட்டி கிளிப் போட்டான். வெந்த கையில பொக்குளம் ஒடைஞ்சு தண்ணியா வடிஞ்சுச்சு. பீலிக் குழாயில தண்ணி புடிச்சு வந்து ரேடியேட்டர்ல ஊத்துனான். ஊத்திட்டு, அடியில போய் மல்லாந்து படுத்துக்கிட்டு அந்தச் சின்ன ஓட்டையையே பாத்தான்.

ஒரு சொட்டு வரல. நல்ல சாமான். பாத்துத்தான் வாங்கியிருக்கா.

எவ்வளவு நேரம் அப்பிடியே கெடந்தானோ. பொழுது எறங்குச்சு. இருளாயி செம்போட வந்து நின்னா. அவ கால் மட்டும்தான் அவனுக்குத் தெரிஞ்சுச்சு.

"பூட்டிட்டியாடா?"

"பூட்டிட்டேன் அத்தை."

"ஒழுகுதா?"

"ஒழுகல."

"ஓடுமா?"

"ஓடாது அத்தை. இனி ஓடாது."

அவ மெதுவா குனிஞ்சு செம்பை முன் சக்கரத்துக்கிட்ட வச்சா. "வாடி தாயி"ன்னு கூப்பிட்டா. "நீ வாங்குன பம்பைப் பூட்டிட்டானாம். வா, எழும்பி வீட்டுக்கு வா."

வேனுக்கு அடியில கெடந்த உதயராஜ் அப்பத்தான் வாயைத் தொறந்து அழுதான். அந்தச் சத்தம் மேல லயம் வரைக்கும் கேட்டுச்சு.